ஜங்ஷன் அக்காவின் மஞ்சள் டேப்

எங்கள் ராணுவ மருத்துவமனையில் ஜன்னலே இல்லாத அறை ஒன்று உண்டு. ஒரு காலத்தில் படுக்கை விரிப்புகளை அடுக்கி வைத்த இடம். ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு ஆள் உள்ளே போனால் காற்றுக்கு இடமிருக்காது. கதவைத் திறந்தால் அது மேசையில் இடிக்கும். அந்த அறையைத்தான் ஜங்ஷன் அக்காவுக்குக் கொடுத்திருந்தார்கள். அவர் ஒரு நாளும் முறையிட்டதில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் எரிச்சல் பட்டுக்கொண்டிருந்தேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். என் கூடம் அந்த அறைக்கு நேர் எதிரே. காலையோ கையையோ இழந்து வரும் சிப்பாய்களை எழுப்பி நிறுத்துவது, அவர்கள் விழுந்தால் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது, மறுபடி எழச் சொல்லி உயிரை வாங்குவது இதெல்லாம் என் வேலை. அவர்கள் எனக்கு வைத்த பெயர் வில்லன். எனக்கு அதில் வருத்தமில்லை. நல்லவன் என்று பெயர் வாங்க நினைக்கிறவன் இந்த வேலைக்கே வரக்கூடாது.

அக்காவின் வேலை அப்படியில்லை. அடிபட்ட ஒருவன் எங்களிடம் வந்து சேர்ந்ததும் ஆளாளுக்கு ஒரு துண்டைப் பிடித்துக்கொள்வார்கள். எலும்பு டாக்டருக்கு எலும்பு, தோல் டாக்டருக்குத் தோல், செயற்கைக் கால் செய்பவருக்கு மீதிக் கால், படைப்பிரிவுக்கு அவன் சம்பளம், மனநல டாக்டருக்கு அவன் தூக்கம். முழு ஆள் யாரிடம் இருக்கிறான் என்று கேட்டால் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். முழு ஆள் அக்காவிடம் இருப்பான். யார் எப்போது பார்க்க வேண்டும், வீட்டில் யார் கவனிப்பார்கள், மறுபடி என்ன வேலை கொடுப்பார்கள், எல்லாவற்றையும் முடிச்சுப் போட்டு வைத்திருப்பார்.

ஆரம்பத்தில் அவர் இங்கே டெலிபோன் ஆபரேட்டர். சண்டை மும்முரமாக இருந்த வருஷங்களில் அடிபட்டவர்களின் வீட்டுக்காரர்கள் யாரைக் கேட்பதென்று தெரியாமல் மருத்துவமனை எண்ணுக்கு அடித்து அழுவார்கள். லைனைப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வதுதான் ஆபரேட்டருக்கு அழகு. இவர் ஒதுங்கவில்லை. வார்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் சொன்னார். கொஞ்ச நாளில் டாக்டர்களே நோயாளியின் விவரம் கேட்க இவரிடம் வந்து நின்றார்கள். எல்லா வண்டியும் அங்கே நின்றுதான் போகும் என்று எவனோ ஒரு சிப்பாய் ஜங்ஷன் என்று பெயர் வைத்தான். பிறகு பதவியும் கொடுத்தார்கள், அந்த அறையையும் கொடுத்தார்கள். அத்தோடு ஒரு கைப்பேசி. அதன் எண் நோயாளிகள் அத்தனை பேருக்கும் மனப்பாடம்.

அக்காவின் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். "உன்ன உக்கார வெச்சுப் பேசணும்னா நான் ஏதாவது ஒடச்சுக்கிட்டுதான் வரணும்போல" என்று என் முன்னாலேயே சொல்வார். அக்கா சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் போன் அடிக்கும்.

அவர் தொழிலில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. வேறு எந்த மருத்துவமனையிலும் நான் அதைப் பார்த்ததில்லை. ஒருவரை வீட்டுக்கு அனுப்பும் முன் அக்கா அந்த வீட்டுக்குப் போய்ச் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். முகம் கழுவுவதிலிருந்து விளக்கணைத்துப் படுப்பது வரை அந்த ஆள் செய்யப்போகும் ஒவ்வொன்றையும் நாற்காலியில் இருந்தபடியே செய்து பார்ப்பார். கைக்கு எட்டாத இடத்திலெல்லாம் ஒரு துண்டு மஞ்சள் டேப் ஒட்டுவார். ஸ்விட்ச், குழாய், தாழ்ப்பாள், தேத்தூள் டப்பா. கிளம்பும்போது வீடு முழுக்க மஞ்சளாக இருக்கும். பிறகு தச்சரும் எலக்ட்ரீஷியனும் வந்து ஒவ்வொன்றாக இறக்கி, அகலப்படுத்தி, டேப்பைப் பிய்த்துப் போடுவார்கள். கடைசி டேப் போனால்தான் ஆள் வீட்டுக்குப் போகலாம்.

லாரிக்காரரின் வீட்டிலும் அப்படித்தான் செய்தார். ராணுவ லாரி ஓட்டியவர் என்பதால் எங்களுக்கு அவர் லாரிக்காரர். கண்ணிவெடியில் இரண்டு காலும் போய்விட்டன, ஒன்று முட்டிக்குக் கீழே, ஒன்று மேலே. முப்பதைத் தாண்டிய வயது, கட்டை குட்டையான உடம்பு, அசாத்தியப் பிடிவாதம். செயற்கைக் கால்களை மாட்டிக்கொண்டு என் கூடத்தில் கைப்பிடிக் கம்பிகளுக்கு நடுவே நடந்து, கம்பியை விட்டும் நடந்தார். அன்று என்னை அவர் திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அவர் வீடு அக்காவின் கைவண்ணத்தில் பிரமாதமாக வந்தது. வாசலில் சாய்தளம், சமையலறையில் இறக்கிய மேடை, குளியலறையில் பிடிகள். நாற்காலியின் கைப்பிடியில் ஒரு பொத்தான். அதை அழுத்தினால் சமையலறை, குளியலறை, கொல்லை என்று அவர் மனைவி எங்கே இருந்தாலும் மணி கேட்கும். எங்கள் டைரக்டர் வெளியிலிருந்து வந்த பெரிய மனிதர்களை எல்லாம் அழைத்துப்போய் அந்த வீட்டைக் காட்டினார். அக்காவுக்கு ஒரு கேடயம்கூடக் கிடைத்தது. மேசையில் இடமில்லாததால் அது என் கூடத்துப் பந்துக் கூடைக்குள் கிடந்தது.

அப்புறம்தான் லாரிக்காரரின் போன்கள் ஆரம்பித்தன. "அக்கா, முடி வெட்டணும்." அக்கா வீட்டுக்கே ஆள் அனுப்பினார். "அக்கா, டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கணும்." வீட்டுக்கே போய் எடுத்தார்கள். "அக்கா, அந்த வில்லனப் பாக்க அவ்வளவு தூரம் வரணுமா?" என் ஜூனியரை வாரம் தவறாமல் அனுப்பி வைத்தார். ஓய்வூதியத்துக்கு ஆள் உயிரோடு இருப்பதைப் பார்க்கும் அதிகாரியே வீடு தேடிப் போனார். முடியாது என்ற சொல் அக்காவின் அகராதியில் கிடையாது. அதைத்தான் தன் வேலை என்று நினைத்திருந்தார், நாங்களும் அப்படியே நினைத்திருந்தோம்.

ஒரு வருஷத்துக்கும் மேலாயிற்று. ஒரு நாள் காலை லாரிக்காரரின் மனைவி என் கூடத்தின் வாசலில் வந்து நின்றார். அக்காவின் அறையில் நிற்க இடமில்லாததால் மூவரும் என் பயிற்சி மெத்தையிலேயே உட்கார்ந்தோம்.

அந்தப் பெண் பஸ் டிப்போவில் அறிவிப்பாளர். எந்த பஸ் எந்த இடத்தில் நிற்கிறது என்று மைக்கில் சொல்லும் வேலை. கணவனுக்காக லீவு எடுத்து, அதை நீட்டி, இன்னும் நீட்டி, இனி நீட்ட முடியாது என்ற இடத்துக்கு வந்திருந்தார். ஒன்றாம் தேதி வேலைக்குப் போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு.

"போறேன்னு சொன்னேன்க்கா. 'நீ போயிட்டா மணி அடிச்சா யாரு வருவா?'ன்னு கேக்குறாரு. அதுக்கு மேல பேச்சே இல்ல."

"அவரு தனியா இருக்கலாமேம்மா. எல்லாம் கைக்கு எட்டுற மாதிரிதானே..."

"எல்லாம் எட்டுதுக்கா. அதான் பிரச்சினையே." அந்தப் பெண் தன் கையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வீட்டுக்கு வந்த முதல் வாரத்துக்கு அப்புறம் அவரு வாசல் கேட்டத் தாண்டல. கால் ரெண்டும் பீரோவுக்குள்ள இருக்கு. எதுக்கு வெளிய போகணும், சொல்லுங்க? எல்லாத்தையும்தான் நீங்க உள்ளயே கொண்டுவந்து குடுத்துட்டீங்களே. கோச்சுக்காதீங்கக்கா. அவருக்கு வீடு கட்டிக் குடுத்தீங்க. என்னையும் உள்ள வெச்சுக் கட்டிட்டீங்க."

அக்காவின் முகம் சுண்டிப்போனது. பீரோவுக்குள் இருக்கும் கால்கள் என் உழைப்பு. என் ஜூனியர் வாராவாரம் போய் அவர் தோளையும் கையையும் மட்டும் பயிற்சி செய்துவிட்டு வந்திருக்கிறான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவனுக்கு அன்று என்னிடம் வயிறு நிறையத் திட்டு கிடைத்தது.

மறுநாளே அக்கா அந்த வீட்டுக்குக் கிளம்பினார். கால்களின் நிலையைப் பார்க்க வேண்டுமென்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கையில் மஞ்சள் டேப் இருந்தது. இந்த முறை சக்கர நாற்காலியை எடுத்துவரவில்லை. லாரிக்காரரிடம், "தம்பி, இன்னிக்கு ஒரு நாள் உங்க வீட்டம்மா ரெஸ்ட் எடுக்கட்டும். அவங்க வேலைய நான் பாக்குறேன்" என்றார். அக்காவைக் கண்ட சந்தோஷத்தில் அவரும் சரி என்று தலையாட்டினார்.

நான் அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அந்த நாளைப் பார்த்தேன். மணி அடித்தது. தண்ணீர். மணி அடித்தது. மின்விசிறியைக் குறைக்க வேண்டும். ஸ்விட்ச் அவர் தோள் உயரத்தில்தான் இருந்தது, அக்கா இறக்கி வைத்த ஸ்விட்ச். மணி அடித்தது. சும்மா, எங்கே இருக்கிறார்கள் என்று பார்க்க. அக்கா ஒரு டம்ளர் தேநீரைச் சுட வைத்தார், ஆறியது, மறுபடி சுட வைத்தார், அதுவும் ஆறியது. அதிகாரமாகக் கேட்டிருந்தால் நானே நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் பாவமாக, மன்னிப்புக் கேட்கும் குரலில் கேட்டார். அதை எதிர்த்து யாரால் என்ன பேச முடியும்? சுவர்கள் எல்லாம் என்னை நோக்கி நகர்ந்து வருவதுபோல மூச்சு முட்டியது.

டிப்போ அடுத்த தெருவில்தான். மனைவிக்கு நடந்து போக வசதி என்றுதான் கல்யாணமான புதிதில் அந்த வீட்டைப் பிடித்தார்களாம். சமையலறை ஜன்னலில் மைக் சத்தம் தெளிவாகக் கேட்டது, யாரோ வேறொரு பெண்ணின் குரல். ரெஸ்ட் எடுக்க வேண்டிய அந்தப் பெண் ரெஸ்ட் எடுக்கவில்லை, அந்த ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். மைக்கில் ஒவ்வொரு ஊர்ப் பெயர் வரும்போதும் அவர் உதடுகள் சத்தமில்லாமல் கூடவே அசைந்தன. அக்கா அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அதற்குப் பிறகுதான் அக்கா டேப்பை எடுத்தார். பீரோவின் மேல் தூசி படிந்து கிடந்த அந்தப் பெண்ணின் வேலைப் பையில் ஒரு துண்டு. வார் பளபளப்புக் குறையாத செருப்பில் ஒரு துண்டு. ஜன்னல் கம்பியில் ஒன்று. கேட்டின் தாழ்ப்பாளில் ஒன்று. கடைசியாக நேரே வந்து, லாரிக்காரரின் நாற்காலிக் கைப்பிடியில் இருந்த பொத்தானின் மேல் ஒரு துண்டை ஒட்டி விரலால் நன்றாக அழுத்திவிட்டார்.

"என்னக்கா இது?"

"மஞ்சள் டேப்புக்கு அர்த்தம் உங்களுக்குத் தெரியுமே தம்பி."

"கைக்கு எட்டாதது."

"ஆமா. இன்னிக்கு ஒட்டினது எல்லாம் அவ கைக்கு எட்டாதது. அது எல்லாம் இந்தப் பொத்தான்லதான் ஆரம்பிக்குது."

அவர் முகம் சிவந்தது. "நீங்கதானே வெச்சுக் குடுத்தீங்க!"

"நான்தான் வெச்சேன். தப்புப் பண்ணிட்டேன். எடுக்கவும் நான்தானே வரணும்."

"வெளிய போகச் சொல்றீங்களா? போனேன்க்கா. வந்த முதல் வாரம் அந்த முக்கு வரைக்கும் போனேன். எல்லாரும் வழி விட்டாங்க. பேசிட்டிருந்தவன் பேச்ச நிறுத்திட்டு ஒதுங்கினான். தெருவே காலியாயிடுச்சு. பொணம் போனாத்தான் அப்படி ஒதுங்குவாங்க." குரல் உடைந்தது. உடனே அதைக் கோபமாக்கிக்கொண்டார். "போங்க. ரெண்டு பேரும் கிளம்புங்க. மூஞ்சில முழிக்காதீங்க."

கிளம்பினோம். திரும்பி வரும் வழியிலேயே அக்கா முடி வெட்டுபவரை நிறுத்தினார், ரத்தம் எடுக்கும் ஆளை நிறுத்தினார், என் ஜூனியரை நான் நிறுத்தினேன். எதிர் வீட்டுப் பெண்ணிடம் மட்டும், அவருக்குத் தெரியாமல் ஒரு கண் வைத்துக்கொண்டு, விழுந்தால் மட்டும் என் எண்ணுக்குக் கூப்பிடச் சொல்லியிருந்தார். தனியாகப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவதும் கழிப்பறைக்குப் போவதும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. அதை நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதனால் ஆபத்தில்லை என்று அக்காவிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். பயம் எனக்கும் இருந்தது.

ஒன்றாம் தேதி வந்தது. காலையிலேயே அக்காவின் போன் அடிக்க ஆரம்பித்தது. லாரிக்காரர். அக்கா எடுக்கவில்லை. நின்றது, மறுபடி அடித்தது. இத்தனை வருஷத்தில் அவர் எடுக்காத போன் அதுதான் முதல். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார். நான் பொறுக்காமல் போனை எடுக்கப் போனேன்.

"தொடாதீங்க சார்."

"ஒருவேளை விழுந்து கிடந்தா?"

"விழுந்தா எதிர் வீட்டம்மா உங்க நம்பருக்குக் கூப்பிடுவாங்க. தொடாதீங்க." கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "எனக்கு இது முடியல சார். எடுத்து என்ன தம்பின்னு கேட்டுட்டா நிம்மதியாயிடுவேன். அவருக்கு இல்ல, எனக்கு. இவ்வளவு நாளும் என் நிம்மதிக்குத்தான் எடுத்துட்டிருந்தேனோ என்னவோ."

பிறகு போன் நின்றுவிட்டது. அடித்ததைவிட அது கொடுமையாக இருந்தது. எதிரே கம்பியில் நடந்துகொண்டிருந்த பையனைத் தேவையில்லாமல் இரண்டு தடவை திட்டினேன். அக்கா எழுந்து போகவும் இல்லை, வேறு வேலை பார்க்கவும் இல்லை. காற்றில்லாத அந்த அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கியபோது நடைபாதையில் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது. எங்கள் இடத்தில் அது புதிதா என்ன? நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அப்புறம், "எங்க அந்தம்மா?" என்று ஒரு குரல் இடித்தது.

லாரிக்காரர். சட்டையெல்லாம் வியர்வை. செயற்கைக் கால்கள் இரண்டையும் நாற்காலியின் முதுகில் துண்டால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். என்னைப் பார்த்தார், நின்று பேசவில்லை. நேராக அக்காவின் அறையை நோக்கி வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார். கதவில் மோதி, இரண்டு சக்கரமும் நிலைக்கட்டையில் சிக்கிக்கொள்ள நாற்காலி நின்றது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

"மணி அடிச்சேன். டேப்பப் பிச்சுட்டு அடிச்சேன். அவ வரல," என்று அந்த நிலையிலேயே கத்த ஆரம்பித்தார். "அப்புறம் ஜன்னல்ல அவ குரல் கேக்குது. மைக்ல. ஊர் ஊரா சொல்லிட்டிருக்கா. உங்களுக்கு போன் போட்டா நீங்களும் எடுக்க மாட்டேங்குறீங்க. நான் யார்கிட்ட போய்க் கத்துறது? நேர்ல வந்து கத்தலாம்னு கிளம்பிட்டேன்!"

"எப்படி வந்தீங்க?" அக்கா கேட்டார்.

"பஸ்லதான். டிப்போ வரைக்கும் தள்ளிட்டுப் போனேன். ரெண்டு பேரு தூக்கி ஏத்தினாங்க. நான் ஏறின பஸ்ஸத்தான் அவ மைக்ல சொல்லிட்டிருந்தா, என்னைப் பாக்கல. என்ன குரல்க்கா அது? வீட்டுல அந்தக் குரலையே நான் கேட்டதில்ல இப்பல்லாம்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "கண்டக்டர் ஒரு சிடுமூஞ்சி. 'யோவ், நடுவழியில நிறுத்திட்டு உக்காந்திருக்க, நகத்துய்யா வண்டிய'ன்னு திட்டினான்."

"திட்டினானா?"

"நல்லாத் திட்டினான்க்கா." அதைச் சொன்னபோது அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தார். "சார், அந்தக் கால் ரெண்டும் லூசாயிடுச்சு. மாட்டிப் பாத்தேன், கழண்டு கழண்டு வருது. என்னத்தப் பண்ணுவீங்களோ தெரியாது."

மீதிக் கால் சுருங்கியிருக்கும், புதிதாக அளவெடுக்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போதுதான் அவர் தான் சிக்கியிருந்த நிலைக்கட்டையை மேலும் கீழும் பார்த்தார். "என்னக்கா இது, உங்க கதவுல என் வண்டியே போகல?"

அக்காவும் பார்த்தார். ஊரிலுள்ள அத்தனை வீட்டுக் கதவையும் அளந்தவர். இந்தக் கதவை அளக்க அவருக்கு ஒரு நாளும் தேவை வரவில்லை. எங்கள் முறையில் அக்காதான் நோயாளியைத் தேடிப் போவார், எந்த நோயாளியும் இத்தனை வருஷத்தில் அந்த அறையைத் தேடி வந்ததில்லை. எதிரிலேயே இருந்து தினமும் பார்த்த எனக்கும் உறைக்கவில்லை.

லாரிக்காரர் சட்டைப் பையிலிருந்து கசங்கிய மஞ்சள் டேப் துண்டை எடுத்தார். பொத்தானிலிருந்து பிய்த்தது. எச்சில் தொட்டு அதை நிலைக்கட்டையில், தன் தோளுக்குப் பக்கத்தில் ஒட்டினார். அது சரியாக ஒட்டவில்லை, கட்டைவிரலால் பிடித்துக்கொண்டார்.

மேசையில் போன் அடித்தது. வேறு யாரோ ஒரு நோயாளி. அக்காவின் கை தானாக அதை நோக்கிப் போனது. அந்த அறையில் எல்லாமே எல்லோருக்கும் எட்டும் தூரம்தான். லாரிக்காரர் எட்டி அதை முதலில் எடுத்துவிட்டார்.

"அக்கா இல்லீங்க," என்றார். எதிரே கதவு அடைபட்டு, அசைய வழியில்லாமல் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வெளிய போயிருக்காங்க. நானும் உங்கள மாதிரிதான், ரெண்டு காலும் போனவன். என்ன வேணும், என்கிட்ட சொல்லுங்க."

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் லாரிக்காரரின் நாற்காலியைப் பின்னால் இழுத்து விடுவிக்கப் போனேன். போனில் பேசிக்கொண்டே அவர் எனக்குக் கையைக் காட்டினார், கொஞ்சம் பொறுங்க என்று.